வரியும் வசையும்

வரி என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகம் மலரும் மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கிறோம். கல்யாண வீட்டிலே அன்பளிப்புக் கொடுக்கிறோம். ஊர்ச் சனசமூக நிலையத்துக்குச் சந்தா கொடுக்கிறோம். அங்கெல்லாம் நமது கை சற்றுத் தாராளமாகவே நீளுகின்றது. அரசாங்கம் கேட்கும்போது மாத்திரம் அதே கை மடங்கிக்கொள்கின்றது. காரணம் யாது? திருவிழாவுக்குக் கொடுத்த காசு வாணமாக எரிந்து போவதையாவது நாம் கண்ணாற் காண்கிறோம். திறைசேரிக்குப் போன காசு என்னவாயிற்று என்று காண்பது அத்துணை எளிதன்று. இந்தக் காணாமையிலிருந்தே வரி பற்றிய அரசியலிற் பெரும்பகுதி பிறக்கின்றது எனலாம்.

இன்று நான் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, வரி செலுத்துவது பற்றி நம்மிடையே நிலவும் அரசியல் மனப்பான்மை. மற்றது, அதைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசுவோர்மீது இக்காலத்திலே இணையத்தின் வழியாகப் பொழியப்படும் வசைமாரி. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு புதியதன்று, மிகப் பழையது.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் என்னும் புலவர் கூறிய அறிவுரை புறநானூற்றிலே இடம்பெற்றுள்ளது. விளைந்த நெல்லை அறுத்து, உருண்டையாக்கி ஊட்டினால், ஒரு சிறு நிலத்தின் விளைவே யானைக்குப் பல நாள் உணவாகும். யானையை வயலுக்குள் விட்டுவிட்டாலோ அது தின்றதைவிட மிதித்து அழித்ததே மிகுதியாகும் என்று அவர் விளக்குகிறார். இந்த உவமை பலருக்கும் தெரிந்ததே. ஆனால் அதே பாட்டிலே புலவர் இன்னொன்றையும் சொல்கிறார். தரம் அறியாது ஆரவாரிக்கும் கூட்டத்தைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, குடிகளின் அன்பு கெடும்படி வரி கேட்கும் அரசன் தானும் வாழான், அவனுடைய நாடும் வாழாது என்பது அவர் கருத்து. வரியையும் ஆரவாரத்தையும் ஒரே பாட்டிலே அந்தப் பெரும்புலவர் இணைத்து வைத்தார். ஆரவாரம் மிகுந்த இடத்திலே கணக்குப் பேச முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இனி, வரி பற்றிய மனப்பான்மைகளைச் சற்று வகுத்துப் பார்ப்போம்.

ஒரு சாரார், வரி என்பது உழைத்தவனிடமிருந்து பறிப்பது என்பர். அரசாங்கம் வீண்செலவு செய்யும். தன் பணத்தைத் தானே செலவழிப்பவனுக்கு இருக்கும் சிக்கனம் பிறர் பணத்தைச் செலவழிப்பவனுக்கு இராது என்பது அவர்கள் வாதம். இதை வெறுங் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடலாகாது. வீண்செலவை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இன்னொரு சாரார், உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பதே வரியின் நோக்கம் என்பர். பாடசாலையும் வைத்தியசாலையும் இலவசமாக இயங்கும் நமது நாட்டிலே இக்கருத்துக்கு ஆழ்ந்த வேர் உண்டு. கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டோர் 1958ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, ஒருவர் உழைப்பதற்கு மாத்திரமன்றி ஆடம்பரமாகச் செலவழிப்பதற்கும் வரி விதிக்கலாம் என்று யோசனை கூறினார். 1959இல் அது சட்டமாயிற்று. சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. செலவைக் கணக்கெடுப்பது எளிதாயிருக்கவில்லை.

மூன்றாவது மனப்பான்மை ஒன்று உண்டு. அது எந்தக் கட்சியின் கொள்கைப் பிரகடனத்திலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் எல்லாக் கட்சியாரிடமும் காணப்படும். "வரியை மற்றவன் கட்டவேண்டும், சலுகை எனக்கு வரவேண்டும்" என்பதே அது. நமது அரசியலைப் பெரும்பாலும் ஆண்டுவந்தது இந்த மூன்றாவது மனப்பான்மைதான். இதற்குச் சரித்திரம் சான்று பகர்கின்றது.

1848ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அப்போது கோப்பியின் விலை வீழ்ச்சியடைந்து, அரசிறை சுருங்கியிருந்தது. தேசாதிபதியாக இருந்தவர் டொரிங்டன் பிரபு. கோப்பிக்கு இருந்த ஏற்றுமதித் தீர்வையை நீக்கித் தோட்ட முதலாளிகளுக்கு ஆறுதல் அளித்த அவரது ஆட்சி, சாதாரண குடிமக்கள்மீது புதிய வரிகளை விதித்தது. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. இவை போதாவென்று, 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும். அன்றேல் பணம் கட்டவேண்டும் என்று ஒரு சட்டமும் வந்தது. அந்தத் தெருக்களால் முதலிற் பயன் பெறுவோர் தோட்ட முதலாளிகளே என்பதை மலைநாட்டுக் குடியானவர் அறியாமலிருக்கவில்லை.

அவ்வேளையிலே கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. கீழே "ஓர் ஆங்கிலேயன்" என்று மாத்திரம் ஒப்பமிடப்பட்டிருந்தது. மக்கள் தம் பிரதிநிதிகள் மூலம் சம்மதம் தெரிவிக்காத வரியை அவர்கள்மீது சுமத்துவது நியாயமாகாது என்பது அதன் சாரம். அதை எழுதியவர் அப்பத்திரிகையின் ஆசிரியரான வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் என்றே கருதப்பட்டது. அக்கடிதம் சிங்களத்திலே பெயர்க்கப்பட்டு மக்களிடையே பரவியது.

ஆட்சியாளர் இக்கடிதத்துக்கு மறுமொழி கூறியிருக்கலாம். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, ஆதலால் இந்த வரி என்று கணக்கை விரித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், கேட்டவரையே கலகக்காரர் என்றார்கள். யூலை மாத இறுதியிலே மாத்தளைப் பகுதியிற் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்த துறவி ஒருவர் காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் இலண்டன் பாராளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

இந்தச் சம்பவத்திலிருந்து ஒரு பாடத்தை இப்போதே குறித்துக்கொள்வோம். அந்தக் கடிதத்தை எழுதியவர் தம் பெயரை மறைத்தே எழுதினார். ஆயினும் அதிலே ஒரு கேள்வி இருந்தது. பெயரை மறைத்தவரெல்லாம் வம்பர் அல்லர். பெயரோடு எழுதுபவரெல்லாம் நேர்மையாளரும் அல்லர். கேள்வி இருக்கிறதா இல்லையா என்பதே உரைகல்.

1848 ஆட்சியாளருக்கு மக்களைப் பற்றிய அச்சம் இருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மறுபுறம் திரும்பியது. 1953ஆம் ஆண்டிலே, அரிசிக்குக் கொடுக்கப்பட்டு வந்த மானியம் வெட்டப்பட்டு, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 70 சதமாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்திலே நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்றிலிருந்து நமது அரசியல்வாதிகள் ஒரு பாடத்தை மனனம் செய்துகொண்டார்கள்: மக்களுக்குக் கொடுப்பதாகச் சொல்; மக்களிடம் வாங்குவதாக மாத்திரம் சொல்லாதே! வாங்காமற் கொடுப்பதென்றால் கடன்படவேண்டும். அந்தக் கடனைப் பற்றி எவரும் மேடையிற் பேசவில்லை.

இந்தப் பாடம் தன் உச்சத்தை அடைந்தது 2019ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு நவம்பர் மாதம் சனாதிபதித் தேர்தல் நடந்தது. வரிகளைப் பெருமளவிற் குறைப்போம் என்று வாக்குறுதி அளித்தவர் வென்றார். வாக்குறுதியை உடனேயே நிறைவேற்றினார். பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8 ஆயிற்று. ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை உழைப்பவர் வருமான வரி கட்டவேண்டியதில்லை என்றாயிற்று. சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கப்படும் வரி நிறுத்தப்பட்டது. முன்னர் ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம் செய்பவரே பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டியிருக்க, அந்த எல்லை 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர, இந்த யோசனைகள் நாட்டை வங்குரோத்து நிலைக்குக் கொண்டு செல்லும் என்று தேர்தலுக்கு முன்னரே எச்சரித்திருந்தார். ஆனால் தேர்தற் காலத்து எச்சரிக்கை கட்சிப் பேச்சாகவே செவியில் விழுவது உலக இயல்பு.

நேயர்களே, இங்கே நம்மை நாமே ஒன்று கேட்கவேண்டும். வரியைக் கூட்டியபோது ஊர்வலம் போனோம், வேலைநிறுத்தம் செய்தோம். வரியைக் குறைத்தபோது, "இந்தப் பணத்துக்குப் பதிலாக எந்தப் பணம் வரும்?" என்று கேட்டு எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம்? கொடுத்த சலுகைக்கும் கணக்கு உண்டு. அதை நாம் கேட்கவில்லை.

பின்னர் பெருந்தொற்று வந்தது. உல்லாசப் பயணத்துறை முடங்கியது. வேறு பிழைகளும் சேர்ந்தன. வரி வருமானம் வீழ்ந்து, 2022இல் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 8இற்கும் குறைந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் நின்ற வரிசைகளை நான் நினைவூட்டத் தேவையில்லை. அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. செப்ரெம்பரிலே கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 70 கூடியிருந்தது. வரி கட்டாமல் மிச்சம் பிடித்தோம் என்று எண்ணியவரும் அந்த விலையேற்றத்தின் மூலம் அதைக் கட்டினர். பற்றுச்சீட்டு மாத்திரம் கிடைக்கவில்லை. பொருளாதாரத்தைக் கையாண்ட முறையினால் அன்றைய ஆட்சியாளர் சிலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று 2023 நவம்பரிலே உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது.

வரி திரும்பி வந்தது, கடுமையாகவே வந்தது. 2023 சனவரி முதல் மாதம் 1 இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைத்தவர் வருமான வரி கட்டவேண்டியதாயிற்று. உயர்ந்த வீதம் நூற்றுக்கு 36. வைத்தியர், பல்கலைக்கழக ஆசிரியர், மின்சார ஊழியர், வங்கி ஊழியர் என்று பலரும் அவ்வாண்டு மார்ச்சிலே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2024 சனவரியிலே பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. 2025 ஏப்பிரலிலே வருமான வரிக்குரிய எல்லை மாதம் 1 இலட்சத்து 50 ஆயிரமாக உயர்த்தப்பட்டது.

இந்தக் கொந்தளிப்பின் நடுவிலேதான் எனது நண்பர் ஒருவருக்கு அந்த அனுபவம் ஏற்பட்டது. அவர் ஒரு விரிவுரையாளர். 2023இலே தமது சம்பளத் துண்டை முகநூலில் வெளியிட்டு, "இவ்வளவு கழிக்கப்படுகின்றது, நான் கொடுக்க மறுக்கவில்லை, இது எங்கே செலவாகின்றது என்று சொல்வீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, மரியாதையான மொழி. ஒரு மணி நேரத்துக்குள் மறுமொழிகள் வந்து குவிந்தன. "ஏழைகளின் வரிப்பணத்திலே படித்தவன் பேசுகிறான்" என்றார் ஒருவர். "நாட்டை விட்டு ஓடிப் போ" என்றார் மற்றவர். அவருடைய சாதியையும் மனைவியையும் இழுத்துப் பேசினார் மூன்றாமவர். நண்பர் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். அன்றிரவு இரண்டு மணி வரை எழுதினார். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். "இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அவருடைய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கேட்கும் மனிதர் ஒருவர் குறைந்துபோனார் என்பதே அதன் முடிவு.

இவ்வாறு பிறரைச் சீண்டி, சினமூட்டி, பேச்சைக் குலைப்போரை ஆங்கிலத்திலே "ட்ரோல்" என்பர். நம் ஊர்ப் பேச்சிலே வம்பர் என்றால் போதும். வம்பர் நமக்குப் புதியவரல்லர். பொதுக்கூட்டத்திலே பின்வரிசையிலிருந்து ஊளையிட்டவரும், இரவோடிரவாக மொட்டைக் கடிதம் போட்டவரும் அவருடைய முன்னோர்களே. ஊளையிட்டவர் தொண்டை காய்ந்ததும் வீட்டுக்குப் போவார். இன்றைய வம்பருக்குத் தொண்டை காய்வதில்லை. அது ஒன்றே வேறுபாடு.

அப்படியாயின் அவரை எதிர்கொள்வது எவ்வாறு? நண்பரின் அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

வந்த மறுமொழியிலிருந்து வசைச் சொற்களை முதலிலே கழித்துவிடுங்கள். நெல்லைப் புடைப்பதுபோலப் புடையுங்கள். பதர் பறந்த பின் சுளகிலே ஏதாவது மணி எஞ்சுகிறதா என்று பாருங்கள். "ஏழைகளின் வரிப்பணத்திலே படித்தவன்" என்ற ஏச்சிலே ஒரு மணி இருக்கின்றது: இலவசக் கல்வி பெற்றவருக்கு நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் கடமை கூடுதலாக உண்டா என்பதே அது. நல்ல கேள்வி. அதற்கு ஒரு முறை, நிதானமாக, கணக்கோடு பதில் சொல்லுங்கள். "ஓடிப் போ" என்பதிலே மணி எதுவும் இல்லை. அதற்குப் பதிலும் தேவையில்லை.

பதில் எழுதும்போது, ஏசியவரை மனத்தில் வைத்து எழுதவேண்டாம். ஒன்றும் பேசாமல் வாசித்துக்கொண்டிருக்கும் பலரை எண்ணி எழுதுங்கள். வம்பரின் மனத்தை மாற்றுவது உங்கள் வேலையன்று. மௌனமாக இருப்பவர், "யார் கணக்கோடு பேசினார், யார் கத்தினார்" என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஏச்சுக்கு ஏச்சுத் திருப்பிக் கொடுத்தாலோ, இருவரும் ஒன்றே என்று அவர் போய்விடுவார்.

உயிருக்கு அச்சுறுத்தலோ, பெண்களை மானபங்கப்படுத்தும் படங்களோ வந்தால், அது வசையின் எல்லையைத் தாண்டிய குற்றம். அதை அழித்துவிடாமற் சான்றாகப் பேணிப் பொலிசாரிடம் முறையிட வேண்டும். அங்கே பொறுமை புண்ணியமாகாது.

இவ்விடத்தில் அரசாங்கத்தின் கடமையையும் சொல்லத்தான் வேண்டும். 2024ஆம் ஆண்டிலே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இணையத்தில் வரும் பொய்க் கூற்றுகளையும் துன்புறுத்தலையும் தடுப்பது அதன் நோக்கம் என்று கூறப்பட்டது. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுப்பது கருத்துரிமையை ஒடுக்கிவிடும் என்று பத்திரிகையாளரும் மனித உரிமை அமைப்பினரும் அதை எதிர்த்தனர். இருசாராரும் கூறுவதைக் கேட்கும்போது எனக்கு 1848 நினைவுக்கு வருகின்றது. வம்பனை அடக்கப் பிடித்த பிரம்பு கேள்வி கேட்டவன் முதுகிலே விழுந்துவிடக் கூடாது. வரி பற்றிய வசையைக் குறைக்க அரசாங்கத்திடம் வேறொரு வழி உண்டு. கணக்கை மக்களுக்கு விளங்கும் மொழியிலே, தமிழிலும் சிங்களத்திலும், கேட்பதற்கு முன்னரே வெளியிடுவதுதான் அது. வெளிச்சம் உள்ள வீட்டிலே பேய்க்கதை நீண்ட நேரம் நிலைப்பதில்லை.

முடிவாக இன்னொருவரைப் பற்றிச் சொல்லி விடைபெறுகிறேன். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலே பிறந்த இளைஞர் ஒருவர், தமது லயத்துக்குச் செல்லும் பாதை பல ஆண்டுகளாகச் செப்பனிடப்படவில்லை என்று எழுதினார். உடனே ஒருவர், "பாதை கேட்கிறாயே, நீ வரி கட்டுகிறாயா?" என்று ஏளனம் செய்தார். நம் நாட்டிலே ஏழையின் வாயை அடைக்க இதைவிடக் கூரிய ஏச்சு இல்லை. வருமான வரி கட்டுவோர் மாத்திரமே குடிமக்கள் என்பது அதன் உட்பொருள்.

அந்த இளைஞர் சினங்கொள்ளவில்லை. அன்று கடையிலே வாங்கிய சாமான்களின் பற்றுச்சீட்டைப் படமெடுத்துப் போட்டார். கீழே இவ்வளவே எழுதினார்: "பெறுமதி சேர் வரிக்கு உட்பட்ட பொருளை 1,180 ரூபா கொடுத்து வாங்கினால், அதில் 180 ரூபா வரி. அம்மா சவர்க்காரம் வாங்கும்போதும் நான் தொலைபேசிக்குக் காசு போடும்போதும் வரி கட்டுகிறோம். எங்கள் பாட்டன் காலத்திலே கப்பலில் வந்த அரிசிக்கும் சுங்கத் தீர்வை இருந்தது. அந்த அரிசியைத்தான் அவர் உண்டார். பாதை எப்போது போடுவீர்கள்?"

ஏளனம் செய்தவர் பின்னரும் பல சொன்னார். இளைஞர் மறுமொழி கூறவில்லை. ஆனால் அந்தப் பற்றுச்சீட்டைப் பார்த்த பலர் தம் வீட்டுப் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த நான், சவர்க்காரத்திலே நான் கட்டிய வரியை அன்றுதான் முதன்முதலாகக் கணக்கிட்டேன்.

நேயர்களே, இந்நாட்டிலே வரி கட்டாதவர் எவருமில்லை. ஆதலால் கணக்குக் கேட்கும் உரிமை இல்லாதவரும் எவருமில்லை. அந்தக் கேள்வியை ஆட்சியாளரின் கோபத்துக்கும் இழக்கலாகாது. வம்பரின் ஆரவாரத்துக்கும் இழக்கலாகாது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.